புனைவிலிருந்து கருவிக்கு: சுஜாதாவின் அறிவியல் புனைகதையும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும்

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைகதைகளில் இடம்பெற்ற கற்பனைகள் பிற்காலத்தில் தொழில்நுட்பங்களாக உருப்பெற்றன என்னும் கருத்து தமிழ்ச் சூழலில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. புனைவு முன்னே செல்ல, பொறியியல் பின்னே வருகிறது என்பது அக்கருத்தின் எளிய வடிவம். தமிழ் அறிவியல் புனைகதையின் முதன்மைப் படைப்பாளியான சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்ற பொறியாளர். கதையும் கருவியும் ஒரே மனிதரிடம் சந்தித்த இந்நிகழ்வைக் கொண்டு அவ்வெளிய வடிவத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, சுஜாதா, என் இனிய இயந்திரா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், செயற்கை நுண்ணறிவு.

கற்பனையின் முன்னோடிகள்

காசியில் புலவர் பேசுவதைக் காஞ்சியில் இருந்தவாறே கேட்பதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் எனப் பாரதியார் பாடினார். வானொலியை அவர் முன்னுணர்ந்தார் என்பதற்கு மேடைதோறும் இப்பாடலே சான்றாகக் காட்டப்படுகிறது. எனினும், மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கம்பியில்லாச் சைகையைப் பெற்றது 1901ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்துவிட்டது. நாளிதழ் ஆசிரியராகப் பணியாற்றிய பாரதியார் உலகச் செய்திகளை நாள்தோறும் கையாண்டவர். ஆகவே, முன்பு இல்லாத ஒன்றைக் கண்டுரைத்தமையில் அவரது தனித்தன்மை அடங்கிவிடவில்லை. எங்கோ நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றை இந்நாட்டின் கைவினையாக, காசியையும் காஞ்சியையும் இணைக்கும் பொதுப்பொருளாக எண்ணியதிலேயே அது வெளிப்படுகிறது. அவர் மறைந்தது 1921இல். சென்னை மாகாண வானொலி மன்றம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது 1924இல். பணமின்மையால் 1927இல் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல்தான் எழுந்தது. கருவி கிட்டிய பின்னரும் அதனைப் பேணும் நிறுவனம் நிலைபெறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்பதை இக்காலவரிசை காட்டுகிறது.

இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் எடுத்துக்காட்டு இதனினும் நுட்பமானது. 1945 அக்டோபரில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், நிலநடுக்கோட்டிற்கு மேல் புவியின் சுழற்சிக்கு இணையாகச் சுற்றும் நிலையங்கள் மூன்று இருந்தால் உலகம் முழுமைக்கும் ஒலிபரப்பு இயலும் என அவர் கணக்கிட்டுக் காட்டினார். இது கதையன்று, தொழில்நுட்ப இதழ்க் கட்டுரை என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அந்நிலையங்களில் மனிதர் தங்கிப் பணிபுரிவர் என்றும் அவர் கருதியிருந்தார். அன்றைய மின்னணுவியல் வெற்றிடக் குழாய்களை நம்பியிருந்தது. குழாய் பழுதுபட்டால் மாற்ற ஆள் வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1947இல், டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. ஆளற்ற செயற்கைக்கோள் 1964இல் புவிநிலைச் சுற்றுப்பாதையை அடைந்தது. சுற்றுப்பாதை அவர் கணித்தவாறே அமைந்தது. அதில் சுற்றிய பொருளோ அவர் எண்ணியதினின்று முற்றிலும் வேறுபட்டிருந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்காலம் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்புச் செய்யப்பட்டபோது, அதனைக் காணும் பொருட்டுக் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் ஓர் அலைவாங்கி நிறுவப்பட்டது. கற்பனை செய்தவரே தன் கற்பனையின் நேயராக அமர்ந்தமை அரிய நிகழ்வாகும்.

கதாசிரியரின் பணிமேசை

சுஜாதா என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008) திருவரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்னணுவியல் பயின்றவர். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின்னர், பெங்களூருவில் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் அவர் முக்கியப் பங்காற்றியது அங்குதான். இயந்திரம் அவர் ஒருவருடைய கண்டுபிடிப்பு எனத் தமிழில் சிலர் எழுதுவது மிகைக்கூற்று. ஹைதராபாத்திலுள்ள இந்திய மின்னணுக் கழகம் 1970களின் பிற்பகுதியிலேயே மாதிரி ஒன்றை உருவாக்கியிருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த எம்.பி. ஹனீபாவும் 1980இல் ஒரு வாக்கு எண்ணும் இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். பலர் கைபட்டு வளர்ந்த கருவி அது.

1980களின் நடுப்பகுதியில் சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை எழுதினார். பின்னர் 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சியாக வந்தது. கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்டுள்ளன. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவனைத் தேடும் நிலா என்னும் பெண்ணுக்கு ஜீனோ என்னும் இயந்திர நாய் துணைநிற்கிறது. நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவர் உடலுள்ள மனிதரே அல்லர், ஒளியால் அமைந்த முப்பரிமாணத் தோற்றம் என்பது கதையின் திருப்பம்.

பகலில் வாக்குரிமைக்கான கருவியை ஆக்கும் நிறுவனத்தில் பணி. எழுதும் நேரத்தில் வாக்கு என்பதே பொருளிழந்த ஒரு நாட்டின் சித்திரம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன்தரும்.

அறிவு குறைக்கப்பட்ட கருவி

தேர்தலைப் பற்றிய அறிவியல் புனைகதை மேலைநாட்டில் முன்பே இருந்தது. ஐசக் அசிமோவ் 1955இல் எழுதிய ஒரு சிறுகதையில், பெருங்கணினி ஒன்று நாடு முழுவதிலிருந்தும் ஒரே ஒரு வாக்காளரைத் தெரிவுசெய்து, அவரிடம் கேட்கும் வினாக்களைக் கொண்டு தேர்தல் முடிவையே கணித்துவிடுகிறது. கணினி வலிமையுறுந்தோறும் வாக்காளர் தேவையற்றவராவார் என்பது அக்கதையின் அச்சம்.

இந்திய இயந்திரம் இதற்கு நேர் எதிரான திசையில் வடிவமைக்கப்பட்டது. அது வலையமைப்புடன் இணைவதில்லை. மின்வசதியில்லாத ஊர்களிலும் இயங்கும் பொருட்டு மின்கலத்தால் இயங்குகிறது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் கட்டுப்பாட்டுக் கருவியும் மறைவிடத்தில் வாக்குப்பதிவுக் கருவியும் இருக்க, ஐந்து மீட்டர் நீளமுள்ள கம்பிவடம் இரண்டையும் இணைக்கிறது. ஒவ்வொரு வாக்கிற்கும் அதிகாரி தம் பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் அடுத்த வாக்குப் பதிவாகும். இதனால் நிமிடத்திற்கு ஒருசில வாக்குகளே இயலும். சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளில் கட்டுக்கட்டாக முத்திரையிடும் வன்முறைக்கு இத்தாமதமே தடையாயிற்று. விரைவு கருதி உருவாக்கப்படும் மின்னணுக் கருவியில் தாமதத்தைத் திட்டமிட்டுப் புகுத்தியது, இக்கருவியின் மிகச் சிறந்த பொறியியல் முடிவு எனலாம்.

வாக்குப்பதிவுக் கருவி ஒன்றில் பதினாறு பெயர்கள் இடம்பெறும். தொடக்ககால அமைப்பில் நான்கு கருவிகளை இணைத்து 64 வேட்பாளர்வரை கையாளலாம். அவ்வெல்லையைக் கேலி செய்வதுபோல 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சிடப்பட்டது. இத்தகைய நிகழ்வை எந்தப் புனைகதையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டம் என்னும் இடைவெளி

புனைவு கருவியாகும் பாதையில் பெரிதும் விடுபட்டுப்போவது சட்டம். 1982 மே மாதத்தில் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். எதிர்த்துப் போட்டியிட்ட ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுக்க, 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. இயந்திரத்தில் பிழை கண்டதால் எழுந்த தீர்ப்பன்று அது. தேர்தல் சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டையே குறிப்பிட்டன. சட்டத்தில் இல்லாத முறையைத் தேர்தல் ஆணையம் தன் ஆணையால் புகுத்த இயலாது என்பதே காரணம். அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு நடைபெற, ஜோஸ் வெற்றிபெற்றார்.

அதன்பின் 1988 இறுதியில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், தில்லி ஆகியவற்றின் சில தொகுதிகளில் மட்டும் இயந்திரம் பயன்பட்டது. தமிழ்நாடு முழுவதும், 234 தொகுதிகளிலும், 2001ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அது வந்தது. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வாழ்வோரும் அதனையடுத்த வல்லம் முதலிய ஊர்களின் உழவர்களும் தம் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்வதற்கு முத்திரைக் கட்டையை விடுத்துப் பொத்தானை அழுத்தியது அத்தேர்தலில்தான். 'என் இனிய இயந்திரா' அச்சில் தோன்றி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. நாடு முழுமைக்குமான மக்களவைத் தேர்தலில் 2004இல் அது பயன்படுத்தப்பட்டது.

ஐயம் அத்துடன் நின்றுவிடவில்லை. தான் அழுத்திய பொத்தானுக்குரிய வாக்கே உள்ளே பதிவாயிற்று என்பதை வாக்காளர் எவ்வாறு அறிவார்? இவ்வினாவின் நியாயத்தை உச்ச நீதிமன்றம் 2013இல் ஏற்றது. இன்று வாக்காளர் தாம் தெரிவுசெய்த சின்னம் அச்சான தாள்சீட்டை ஏழு நொடிகள் கண்ணாடி வழியே காண்கிறார். தாளை நீக்க வந்த இயந்திரத்தோடு மீண்டும் தாள் இணைக்கப்பட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் இவ்வமைப்பு எல்லாச் சாவடிகளிலும் இடம்பெற்றது.

ஜீனோவும் ஜீவாவும்

ஜீனோவின் உடல் கதைக்குப் பின் விரைவிலேயே உருவாயிற்று. ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் இயந்திர நாயை 1999இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனத்தின் நான்குகால் இயந்திரம் 2020இல் சந்தைக்கு வந்தது; படியேறவும் கரடுமுரடான தரையில் நடக்கவும் வல்லது. ஆயினும் ஜீனோவை வாசகர் விரும்பியது அதன் நடைக்காக அன்று. அது நூல்களைப் படித்தது, கேலி செய்தது, சூழ்நிலையை உணர்ந்து அறிவுரை கூறியது. பெரிய மொழி மாதிரிகள் 2022 இறுதியில் பொதுமக்களை எட்டும்வரை, பல பொருள்களைப் பற்றியும் உரையாடவல்ல இயந்திரம் கதைக்குள்ளேயே இருந்தது. உடலும் பேச்சும் ஒருங்கே பிறக்கும் எனக் கதை எண்ணியது. பொறியியலில் அவை தனித்தனிப் பாதைகளில் வளர்ந்து இப்போதுதான் அணுகி வருகின்றன.

ஜீவாவின் நிலை வேறு. தலைவரின் உருவம் மட்டும் மேடையேறும் உத்தியை 2012ஆம் ஆண்டுக் குஜராத் தேர்தல் பரப்புரையில் இந்தியா கண்டது. அது ஒளிப்படலத்தின் வழி எழுப்பிய தோற்றமே. இயற்பியல் பொருளில் ஹோலோகிராம் அன்று. அங்கே பேசியவர் உயிருடன் வேறிடத்தில் இருந்தார். 2024இன் தொடக்கத்தில் தமிழ்நாடு இதனைக் கடந்தது. 2018இல் மறைந்த மு. கருணாநிதி, செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட உருவிலும் குரலிலும் ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம், 2016இல் மறைந்த ஜெ. ஜெயலலிதாவின் குரலில் உருவாக்கப்பட்ட உரையை அவரது கட்சி வெளியிட்டது. இரண்டிலும் மறைப்பு ஏதும் இல்லை. இவை செயற்கையானவை என்பது கேட்டோருக்குத் தெரியும். கதையில் மக்கள் ஏமாற்றப்பட்டனர். இங்கே மக்கள் அறிந்தே கேட்டனர். இவ்வேறுபாடு பெரிது. எனினும், மறைந்தவர் தாம் வாழ்நாளில் கூறாத சொற்களை இன்றைய அரசியலின் பொருட்டுக் கூறும்போது அச்சொற்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினா, ஜீவாவைப் பற்றிக் கதையில் எழும் வினாவேயாகும்.

வாக்குப்பதிவு இயந்திரத்தின்மீது நாற்பதாண்டுகள் வழக்கும் ஆய்வும் சீர்திருத்தமும் நிகழ்ந்துள்ளன. பொத்தானை அழுத்துமுன் வாக்காளரின் செவியை அடையும் குரலுக்கு அத்தகைய சோதனை எதுவும் அமையவில்லை. போலியாகப் புனைந்த காணொளிகளை, தங்கள் கவனத்திற்கு வந்த மூன்று மணி நேரத்திற்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்னும் அறிவுறுத்தலைத் தேர்தல் ஆணையம் 2024 மே 6 அன்று பிறப்பித்தது. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்திருந்தது.