எழுதுவது கை மட்டுமா?

குழந்தைகளே, ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பெஞ்சின் விளிம்பில் எதிலும் சாயாமல் உட்காருங்கள். இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, மேஜைமேல் உடம்பு படாமல் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுத்து கோணுகிறதா? எழுதாத கை எங்கே போயிற்று என்றும் பாருங்கள். அநேகமாக அது பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்!

விழுந்துவிடுவோம் என்று தோன்றினால், கைகள் முதலில் உடம்பைத்தான் காப்பாற்றும். எழுத்தும் விளையாட்டும் அதற்கு அப்புறம்தான்.

1967-ல் சோவியத் நாட்டு விஞ்ஞானிகள், சில பேரை நிற்க வைத்துக் கையை உயர்த்தச் சொன்னார்கள். தோள் தசை இயங்குவதற்கு ஒரு கணம் முன்பே, தொடையின் பின்புறத் தசை வேலையைத் தொடங்கியிருந்தது! கையை அசைக்கும் முன் உடம்பை உறுதியாக நிறுத்திவைக்க, நமக்குத் தெரியாமலே மூளை செய்யும் ஏற்பாடு இது.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு சிக்கலாகிவிடுகிறது. பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்புதான் காரணம். இது தொற்றுநோய் அல்ல. சிலருக்குத் தசைகள் விறைத்திருக்கும், சிலருக்குத் துவண்டிருக்கும். நிமிர்ந்து உட்காருவதற்கே கைகளை ஊன்ற வேண்டியிருந்தால், பென்சிலை எந்தக் கையால் பிடிப்பது?

இன்னொரு விஷயமும் உண்டு. மல்லாந்து படுத்திருக்கும் பச்சைக்குழந்தை முகத்தை வலப்பக்கம் திருப்பினால் வலக்கை நீளும், இடக்கை மடங்கும். சுமார் ஆறு மாதத்தில் இது மறைந்துவிடும். மூளை முடக்குவாதம் உள்ள சிலருக்கு மறைவதில்லை. இட்லித் தட்டு வலப்பக்கம் இருந்தால், அதைப் பார்க்கத் திரும்பியதுமே வலக்கை விறைத்து நீண்டுவிடும். அப்புறம் இட்லி எப்படி வாய்க்கு வரும்? தட்டை நேர் எதிரே வைத்தால் தலை திரும்ப வேண்டியதில்லை, சாப்பிடுவதும் சுலபமாகும். எவ்வளவு சின்ன மாற்றம் பாருங்கள்!

உட்காரும் விதமும் அப்படித்தான். இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தை ஒட்டியிருக்க வேண்டும். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போடலாம். மேஜை முழங்கை உயரத்தில் இருப்பது நல்லது. இருக்கையை லேசாக முன்பக்கம் சாய்த்தால் சிலருக்குக் கை நன்றாக வரும், சிலருக்கு அது ஒத்துவராது. அதனால்தான் இவர்களுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக அளவெடுக்கிறார். நாற்காலியை மாற்றினால் விரல்களின் இறுக்கம் போய்விடாது. ஆனால் ஊன்றிக்கொண்டிருந்த கை வேறு வேலைக்குக் கிடைக்கும். அது பெரிய லாபம் இல்லையா?

உங்கள் வகுப்பில் இப்படி ஒரு நண்பர் இருந்தால், அவருடைய கால்கள் தொங்குகின்றனவா என்று கவனியுங்கள். தொங்கினால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்களாக அவரைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். அவரோடு பேசும்போது பக்கவாட்டில் நிற்காமல், நேர் எதிரே வந்து உட்கார்ந்து பேசுங்கள்.