குளிர்ந்த அறை, தேங்கிய காற்று

சென்னையில் மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள தளத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்: மே மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் அறை வேகத் தொடங்கும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் அந்த வெப்பத்தைக் கீழே இறக்கும். உடனே ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போடுகிறோம். கொசுவுக்கு ஒரு சுருளையும் ஏற்றி வைக்கிறோம்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும் கரியமில வாயு, இருவர் உறங்கும் மூடிய சிறு அறையில் விடிவதற்குள் 2,000ஐத் தாண்டிவிடக்கூடும். சுருளின் புகை இன்னும் மோசம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளியிடுவதாக 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் அத்துகள்கள் ஏசியின் வலைவடிகட்டியில் சிக்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன.

மின்சாரத்தையும் மூச்சையும் சேர்த்தே காப்பாற்ற முடியும். முதலில் வெப்பத்தை மாடியிலேயே தடுக்க வேண்டும். வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு, புதிதாக இருக்கும்போது சூரிய ஒளியில் பெரும்பகுதியைப் பிரதிபலிக்கும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. வழக்கமான விசிறி 75 வாட் இழுக்க, பிஎல்டிசி விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். அது சுழன்றால் ஏசியை 26 டிகிரியில் வைத்தாலும் உடம்புக்கு இதமாக இருக்கும். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு.

ஜன்னலுக்கு வலை அடித்தால் சுருளே வேண்டாம். படுக்கும் முன்பும் விடியலிலும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். சாலையோர வீடானால் வாகன நெரிசல் நேரத்தில் மட்டும் சாத்திவிடலாம். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம் ஓட வேண்டும். கேஸ் அடுப்பின் சுடரில் நைட்ரஜன் டையாக்சைடு உருவாகிறது.

அடுக்குமாடிகளில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வெக்கை மட்டும் மேல்தளத்தாருக்கு. அதனால் பூச்சுச் செலவைக் குடியிருப்போர் சங்கமே ஏற்பதுதான் நியாயம். கோடை தொடங்குமுன் கூடும் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வையுங்கள்.