பாடகரும் சர்க்காரும்

பாட்டுப் பாடியதற்காக ஒருவரை விசாரிப்பது அந்நிய ஆட்சியிலுள்ள தேசங்களில்தான் நிகழும் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். சுதந்திரத்திற்குப் பேர்போன அமெரிக்காவிலும் அது நிகழ்ந்தது. விசாரிக்கப்பட்டவர் பீட் ஸீகர். 1919-ல் பிறந்து, 2014-ல் தமது 94-வது வயதில் காலமான அந்த நாட்டுப் பாடகரின் வாழ்க்கை நாம் சிந்திக்கத் தக்கது.

ஸீகரின் தந்தை சங்கீத சாஸ்திரத்தில் விற்பன்னர். மகனோ 1936-ல் வட கரோலினாவில் நடந்த ஒரு விழாவில் ஐந்து தந்திப் பாஞ்சோவைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அமெரிக்காவுக்குத் தந்த வாத்தியம் அது. ஹார்வர்டு சர்வகலாசாலைப் படிப்பை 1938-ல் கைவிட்ட ஸீகர், வாஷிங்டன் காங்கிரஸ் நூல்நிலையத்தில் ஆலன் லோமாக்ஸிடம் உதவியாளராக அமர்ந்தார். ஏழை எளியோர் பாடிய பாட்டுக்களின் இசைத் தட்டுகளைக் கேட்டுப் பயின்றார்.

1948-ல் அவரும் நண்பர் மூவரும் 'வீவர்ஸ்' என்ற கோஷ்டியை அமைத்தனர். லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகரிடம் கற்ற 'குட்நைட் ஐரீன்' பாட்டை அவர்கள் 1950-ல் இசைத்தட்டில் வெளியிட, அது பதின்மூன்று வாரம் முதலிடம் வகித்தது. பாமரர் பாட்டு பட்டணங்களை வென்றது. ஆனால் ஸீகர் முன்பு கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். அதைக் காட்டி ரேடியோ, டெலிவிஷன் கம்பெனிகள் கதவடைத்தன.

1955-ல் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் விசாரணைக் கமிட்டி அவரை அழைத்து, எங்கே, யாருக்காகப் பாடினார் என்று கேட்டது. தம்மீதே குற்றம் வரும்படி சாக்ஷி சொல்ல வேண்டியதில்லை என்ற சட்டப் பாதுகாப்பைப் பலர் நாடினர். ஸீகர் அதை நாடவில்லை. தம் அபிப்பிராயங்களைப் பற்றியும் சகவாசத்தைப் பற்றியும் கேட்க எவருக்கும் உரிமையில்லை என்றார். பாட்டைக் கேட்க விரும்பினால் பாடிக் காட்டுவதாகவும் சொன்னார். கமிட்டி அதை விரும்பவில்லை. 1961-ல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை குறையுடையதென்று 1962-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது.

அவ்வாண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. சொற்ப ஊதியத்திற்குக் கலாசாலைகளிலும் பள்ளிகளிலும் பாடினார். சபையோரையும் தம்முடன் பாடச் செய்வதே அவர் வழக்கம். அவ்வாறு கேட்ட இளைஞர்களே பின்னர் நாட்டுப் பாடலைத் தேசமெங்கும் பரப்பினர். தென் கரோலினாப் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பாடிய ஒரு பாட்டை 1947-ல் கற்று, அதை அவர் ஊரூராகப் பாடினார். 'வீ ஷல் ஓவர்கம்' என்ற அப்பாட்டை 1957-ல் மார்ட்டின் லூதர் கிங் அவர் வாயிலாகக் கேட்டார். பின்னர் கறுப்பின மக்களின் உரிமைப் போரில் அது கீதமாயிற்று.

ஸீகர் தவறே செய்யாதவர் என்று நாம் கூறவில்லை. ஸ்டாலினின் கொடுமைகளை அவர் காலத்தில் உணரவில்லை; அதைப் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒருவருடைய அபிப்பிராயம் தவறாயிருப்பது அவர் வாயை அடைப்பதற்கு நியாயமாகாது. அபிப்பிராயத்தைத் தண்டிக்கப் புகும் சர்க்கார், நாளை எந்தப் பிரஜையையும் விட்டுவைக்காது.

2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பதை ஒட்டி, வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் 89 வயது ஸீகர் நின்று பாடினார். கமிட்டி அவரை விசாரித்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. திரண்டிருந்த ஜனங்கள் அவருடன் சேர்ந்து பாடினார்கள்.