பட்டணத்து மனையில் கொல்லைத் தோட்டமும் முற்றமும்

பத்து ஏக்கர் நஞ்சை புஞ்சைகளைத் திறமையுடன் பயிரிட்டு வரும் குடியானவர், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு அருகிலுள்ள பட்டணத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டுவது இக்காலத்தில் எங்கும் காணப்படுகிறது. வீடு முடிந்ததும், கொல்லையில் எஞ்சிய இடத்தை அவர் பெரும்பாலும் இரண்டில் ஒரு விதமாகவே நடத்துகிறார். சேறு படுகிறதென்று சுவர் முதல் சுவர் வரை சிமெண்டு பூசிவிடுகிறார். அல்லது தென்னை, மா, பலா, வேம்பு என்று கையில் கிடைத்த கன்றுகளையெல்லாம் ஐந்தடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார். முன்னதில் மழை ஜலம் நிலத்தில் இறங்க வழியின்றிக் கிணறு வற்றுகிறது. பின்னதில் பத்து வருஷத்திற்குள் வெயிலே காணாத கொல்லையும், அண்டை வீட்டாருடன் மனஸ்தாபமும் மிஞ்சுகின்றன. ஏக்கர்க் கணக்கில் கைதேர்ந்தவர் சென்டுக் கணக்கில் தவறுவதற்குக் காரணம், சிறிய இடத்திற்கு வேறு விதமான யோசனை வேண்டியிருப்பதே.

உதாரணமாக, 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனையை எடுத்துக்கொள்வோம். இதன் விஸ்தீரணம் 2,400 சதுர அடி. சென்னையில் இதனை ஒரு கிரவுண்டு என்பர். ஏறக்குறைய ஐந்தரை சென்டு. வீடும் வாசலும் போகப் பின்னால் 20 அடி ஆழம் மிஞ்சினால், கொல்லை 800 சதுர அடி ஆகும். இதில் மண்வெட்டி வைப்பதற்கு முன், ஒரு காகிதத்தில் மனையைக் கீறி, திசைகளையும், கிணறு, மலத் தொட்டி, குளியலறைத் தண்ணீர் வெளிவரும் இடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மணி நேர வேலையை அநேகர் செய்வதில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது வெயில். வயலில் வெயிலைப் பற்றிய கவலை இல்லை. மனையிலோ சுவரே பயிருக்குப் பகை. மதுரையை ஒட்டிய பிரதேசத்தில் மார்கழி மாதத்து நடுப்பகலில், 12 அடி உயரமுள்ள வீட்டின் நிழல் வடக்கே ஏறக்குறைய 8 அடி விழும். மாடி வீடாயின் 16 அடி விழும். ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே சாய்வதால், அதே 12 அடிச் சுவரின் நிழல் தெற்கே 3 அடியோடு நின்றுவிடும். ஆகையால் வடக்குக் கொல்லையில் சுவரை ஒட்டிக் கத்தரியும் மிளகாயும் வைத்தால், ஆடியில் செழித்திருந்த செடி கார்த்திகையில் காய்ப்பை நிறுத்திவிடும். உரம் போதவில்லையென்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவது வீண். அத்தகைய நிழலில் மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லி முதலியவை போதும். கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி ஆகியவற்றிற்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தையே ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது மண். புது மனையின் மேல் மண் பெரும்பாலும் மண்ணே அன்று. செங்கல் துண்டும், காரையும், சிமெண்டுக் கட்டியும் கலந்த குப்பை. பாத்தி வரும் இடங்களில் மட்டும் ஒன்றரை அடி ஆழம் தோண்டி, குப்பையை அகற்றிவிட்டு, நல்ல தோட்டக்கால் மண்ணுடனோ, உரிய அனுமதி பெற்று எடுத்த ஏரி வண்டலுடனோ மக்கிய தொழு உரத்தைச் சேர்த்து நிரப்புவது நலம். கொல்லை முழுவதையும் தோண்டுவது வீண் செலவு. பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. இரு புறமும் நின்று கை நீட்டினால் நடுச்செடி எட்ட வேண்டும், பாத்தியை மிதிக்கவே கூடாது. நடுவில் ஒன்றரை அடி நடைபாதை விடுக. செம்மண் பாங்கில் பாத்தி பள்ளமாகவும், களிப்பாங்கில் ஐப்பசி மழையை உத்தேசித்து அரையடி மேடாகவும் இருக்க வேண்டும்.

தண்ணீரே இதில் முக்கியமான விஷயம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குளிக்கவும் துணி துவைக்கவும் ஆளுக்கு 40 லிட்டர் செலவாகிறதென்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 200 லிட்டர் வெளியே ஓடுகிறது. கோடையில் ஒரு சதுர அடிக் காய்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் போதுமானது. அப்படியானால் வீட்டின் கழிவு நீரே 400 சதுர அடிக்கு, அதாவது மேற்சொன்ன கொல்லையில் சரிபாதிக்கு, பாய்ச்சல் ஆகிவிடும். கிணற்றில் ஒரு வாளியும் இறைக்க வேண்டுவதில்லை. ஆனால் வயலில் மடை திறப்பது போல் ஒரே இடத்தில் விட்டுவிடக் கூடாது. சோப்புத் தண்ணீர் ஒரே பாத்தியில் தினந்தோறும் பாய்ந்தால் மண் இறுகிக் களர்த் தன்மை அடையும். தண்ணீர் வெளிவரும் வாயிலில் மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய சிறு குழி அமைத்து, அதனைச் சுற்றிக் கல்வாழையும் சேம்பும் நட்டு, அங்கிருந்து வாய்க்கால் பிரித்து, ஒரு நாள் வாழைக்கும், மறு நாள் பந்தல் கொடிக்கும், மூன்றாம் நாள் எலுமிச்சைக்கும் மாற்றி மாற்றி விடுவதே சரியான முறை. பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி ஆகியவற்றிற்கு இந்த நீர் உதவாது. அவற்றிற்கு நல்ல தண்ணீரே வேண்டும்.

மழை நீரையும் விடலாகாது. 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் இறங்குகிறது. தமிழ் நாட்டில் 2003-ஆம் வருஷம் முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழை நீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் வைத்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணி, குழியைத் தூர் வாராமல் விடுவோரே அதிகம். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் சென்னை மாநகரில் கிணறுகள் வற்றி ஜனங்கள் குடங்களுடன் லாரியை எதிர்பார்த்து நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. மழைக் குழி மலத் தொட்டியின் அருகில் இருத்தல் ஆகாது என்பதை மட்டும் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

கழிவு நீரைக் கொல்லையில் செலவிடாதவர் அதனைத் தெருவிற்கே விடுகிறார். தெருச் சாக்கடையில் தேங்கும் நீரில் பெருகும் கொசு வேறு. தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி ஆகியவற்றின் தெளிந்த நீரில் பெருகி டெங்குச் சுரத்தைப் பரப்பும் கொசு வேறு. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆவதால், வாரம் ஒருமுறை இவற்றைக் கவிழ்த்துக் காயவைத்தால் போதும். கிராமங்களில் புதிதாக மனை பிரிக்கும்போதே, ஒவ்வொரு மனையிலும் கழிவு நீருக்கு இடம் ஒதுக்கும்படி கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம். சாக்கடை தெருவிற்கு வந்தபின் வரும் புகார்களில் பாதி குறையும்.

மரங்களைப் பற்றி: தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும். ஆகவே இக்கொல்லையில் ஒன்றே ஒன்று, அதுவும் மட்டையும் காயும் அண்டை வீட்டுக் கூரையில் விழாத இடத்தில். மாவும் பலாவும் ஊரிலுள்ள தோட்டத்திலேயே இருக்கட்டும். பட்டணத்துக் கொல்லைக்கு ஏற்றவை ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு முருங்கை. முருங்கையில் 1989-ல் பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்னும் விதை ரகம் சிறந்தது. இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, காய்ப்பு முடிந்ததும் 3 அடியில் வெட்டிவிட்டால் மறுபடியும் தழைக்கும், ஏணியின்றிப் பறிக்கலாம். பழைய வழக்கப்படி ஓங்கி வளரவிட்டால், காற்றில் கிளை முறிவதும், மழைக்காலத்தில் கம்பளிப் பூச்சி திரண்டு வீட்டிற்குள் புகுவதும் நிச்சயம். பப்பாளி வைப்பவர் மேட்டில் வைக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலும் அதன் அடித்தண்டு அழுகிவிடும்.

பப்பாளியைப் பற்றிச் சொல்லும்போது மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2008-ஆம் வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப் பூச்சி எத்தனையோ மருந்துகளுக்கு அடங்கவில்லை. 2010-ல் அயல் நாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு குளவியே அதனை அடக்கியது. வயலுக்கு வாங்கிய மருந்தில் மீந்ததை வீட்டிற்குக் கொண்டுவந்து கொல்லைக் கத்தரிக்குத் தெளிக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. இது மிகவும் அபாயகரமானது. குழந்தைகள் விளையாடும் இடத்தில், காலையில் தெளித்த செடியிலிருந்து மாலையில் காய் பறிக்கப்படுகிறது. கொல்லையில் புழுவைக் கையால் பொறுக்குவதும், வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதுமே போதும். உரத்திலும் இதே தவறு நேர்கிறது. ஏக்கருக்கு 45 கிலோ மூட்டை ஒன்று என்றால், சென்டுக்கு 450 கிராம். 4 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு 40 கிராம்தான். கைப்பழக்கத்தில் இரண்டு பிடி யூரியாவை வீசுகிறவர் தம் கீரையைத் தாமே கருக்குகிறார்.

இனி உட்காரும் இடம். முன்னோர் கட்டிய வீடுகளில் திண்ணையும் முற்றமும் இருந்தன. மனை சுருங்கியபோது இரண்டும் போயின. வயதான பெற்றோரைக் கிராமத்திலிருந்து அழைத்து வருபவர்கள் இதனை அலட்சியம் செய்யலாகாது. மண்ணையும் மரத்தையும் பார்த்தே வாழ்ந்தவர்கள், நான்கு சுவருக்குள் அடைபட்டால் மனம் குன்றிப்போகிறார்கள். வீட்டின் கிழக்குப் புறத்தில் 8 அடிக்கு 10 அடி இடம் விட்டால், பிற்பகல் முழுவதும் வீட்டின் நிழலே அதற்குப் பந்தல் ஆகும். தரைக்குச் சிமெண்டு வேண்டாம். மணல் பரப்பி அதன்மேல் செங்கல்லையோ கடப்பைக் கல்லையோ இடைவெளி விட்டுப் பதித்தால், மழை நீரும் இறங்கும், கால் வழுக்காமலும் இருக்கும். முதியோர் எழுந்திருக்க வசதியாகத் திண்ணையின் உயரம் ஒன்றரை அடி இருக்கட்டும்.

மேற்குப் புறமே கிடைத்தால் பந்தல் இன்றியமையாதது. பந்தல் 7 அடி உயரம் இருந்தாலும், புடலை ஏற்றினால் காய் தலையில் இடிக்கும். அவரை நன்றாகப் படரும். ஆனால் தை மாதத்தில் அசுவினி விழுந்து, கீழே உட்கார்ந்தவர்மேல் பிசுபிசுப்புச் சொட்டும். கோவையே இதற்கு உத்தமம்: தண்டை நட்டால் சில வருஷம் நிற்கும், காய் சிறியது, இலை அடர்த்தியானது. புடலையையும் பீர்க்கையும் சுற்றுச் சுவர் ஓரத்தில் தனிப் பந்தலில் ஏற்றி, ஆடியில் விதை ஊன்றலாம். கோவைத் தண்டை, ஏற்கெனவே நன்றாகக் காய்க்கிற கொடியிலிருந்தே பென்சில் பருமனில் ஒரு சாண் நீளம் வெட்டி எடுக்க வேண்டும். விதையிலிருந்து முளைத்த கோவையில் ஆண் கொடிகளும் இருக்குமாதலால், அவை வருஷக்கணக்கில் படர்ந்தும் ஒரு காய் தரமாட்டா.