பல களங்கள், ஒரு கேள்வி



திரைப்படம் என்றதும் நடிகர் நடிகையரின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. திரைக்குப் பின்னால் நின்று படத்தை ஆக்கிய நெறியாளரை நாம் அதிகம் எண்ணுவதில்லை. அத்தகையோருள் ஒருவர் தர்மசேன பத்திராஜ. சிங்களத் திரையுலகம் அவரை நன்கறியும். யாழ்ப்பாணத்து வாழ்வைத் தமிழிலேயே படமாக்கியவர் அவர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

1943ஆம் ஆண்டிற் பிறந்த பத்திராஜ, பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 1974இல் வெளிவந்த அவருடைய 'அஹஸ் கவ்வ', கொழும்பில் வேலையின்றி அலையும் இளைஞரைக் காட்டிற்று. 1978இல் வந்த 'பம்பரு எவித்', நகரத்துப் பணம் நுழைந்ததும் மீனவக் கிராமமொன்றின் வாழ்வு குலைவதைச் சொல்லிற்று. 1981இல் வந்த 'சொல்தாது உன்னெஹே', மறக்கப்பட்ட முதிய போர்வீரன் ஒருவனின் கதை. தொலைக்காட்சி நாடகம், ஆவணப்படம் ஆகிய துறைகளிலும் அவர் உழைத்தார்.

களங்கள் வேறாயினும் கேள்வி ஒன்றே: பணமும் குலப்பெருமையும் ஒதுக்கிவைத்த மனிதருக்கு இவ்வுலகில் இடம் எங்கே?

அக்கேள்வியை அவர் நம் முற்றத்திலும் எழுப்பினார். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகவும் பணியாற்றிய அவர், காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு 1977இல் 'பொன்மணி'யை உருவாக்கினார். சீதனம் இன்மையால் மணமாகாதிருக்கும் தமக்கை. சாதி எல்லையைக் கடந்து காதலிக்கும் தங்கை. இடையிலே தவிக்கும் ஒரு குடும்பம். இதுவே கதை. படம் திரையரங்குகளில் ஓடவில்லை. ஆட்டமும் பாட்டும் நிறைந்த தென்னிந்தியப் படங்களிற் பழகிய நமக்கு, நம் வீட்டையே காட்டிய கண்ணாடி உவப்பளிக்கவில்லை போலும். எனினும் ஈழத்துத் தமிழ்ப்படங்களை ஆராய்வோர் இன்று அதனை முன்வரிசையில் வைக்கின்றனர்.

1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம், போரினால் 1990 முதல் யாழ்ப்பாணத்திற்கு வராது நின்று, 2014இலேதான் மீண்டும் வந்தது. அந்த இருப்புப்பாதையையும் போர் பிரித்த மக்களையும் பற்றிப் பத்திராஜ ஓர் ஆவணப்படம் எடுத்தார். பாதை மூடிக் கிடந்த காலத்தும் அவர் மனம் வடக்கை மறந்ததில்லை.

2018ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வேற்று மொழியினர் ஒருவர் நம் மொழியிலே நம்மை நோக்கிக் கேட்ட கேள்வி மட்டும் மறையவில்லை. கலியாணப் பேச்சிலே சீதனக் கணக்கு எழும் வீடுகள் உள்ளவரை, பொன்மணி நம்மிடம் விடை கேட்டுக்கொண்டே இருப்பாள்.