வாலாஜாபேட்டை வட்டாரத்தில் எலும்புப்புரை நோய்: பரவலும் இடர்க்காரணிகளும்

எலும்பின் அடர்த்தியும் உள்ளமைப்பும் நலிவுற்று, கால் இடறி விழுந்தாலே முறிவு நேரக்கூடிய நிலை எலும்புப்புரை நோய் எனப்படுகிறது. இளம் அகவையினரின் சராசரி அடர்த்தியினும் 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருப்பின் அதனை இந்நோயாகக் கொள்ளலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1994இல் வரையறுத்தது. முறிவு நேரும்வரை அறிகுறி ஏதும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆதலின் மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கொண்டு இதன் பரவலை மதிப்பிட இயலாது.

இவ்வகையில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்வட்டாரத்திற்கு மிக நெருங்கிய சான்றாகும். சிறுநகர்ப் பகுதியைச் சேர்ந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களுள் 50 விழுக்காட்டினருக்கு ஓரிடத்திலேனும் எலும்புப்புரை காணப்பட்டது. நோயற்றோர் அகவையில் இளையோராகவும் உடல் எடைக் குறியீட்டில் மேம்பட்டோராகவும் இருந்தனர். இது பெண்களுக்கு மட்டுமே உரிய நோயன்று. அதே நிறுவனத்தார் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 50 அகவை கடந்த ஆண்களுள் ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது.

இவ்விழுக்காடுகளை அப்படியே கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அடர்த்திமானிகளில் ஒப்பீட்டுக்கு வழக்கமாக அமைந்திருப்பவை மேலைநாட்டு வெள்ளையரின் அளவுகள். கருவி தருவது பரப்பளவு சார்ந்த அடர்த்தி என்பதால் சிறிய எலும்பு, நலமாக இருப்பினும், அடர்த்தி குன்றியதாகவே தோன்றும். இந்தியர்க்குரிய அளவுகளோடு ஒப்பிடின் விழுக்காடு குறையும். எனினும் புறக்கணிக்கத்தக்க அளவுக்கு அது இறங்கிவிடும் எனக் கருத இடமில்லை.

இடர்க்காரணிகளுள் முதன்மையானது ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் வீழ்ச்சி. எலும்பை அரிக்கும் உயிரணுக்களைக் கட்டுப்படுத்துவது இச்சுரப்பே. மாதவிடாய் முன்கூட்டியே நின்றவர்களும், கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டவர்களும் அப்பாதுகாப்பை விரைவில் இழக்கின்றனர். அடுத்தது உணவு. இப்பகுதியின் பழைய உணவான கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. களி உண்ட வீடுகள் சோற்றுக்கு மாறியதை வளர்ச்சியின் அடையாளமாக மட்டும் காண்பது பொருந்தாது.

மூன்றாவது, வெயில். ‘வெயிலூர்’ என்று வேடிக்கையாகச் சுட்டப்படும் வேலூரை அடுத்து நடந்த அந்த 2008ஆம் ஆண்டு ஆய்விலேயே பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வைட்டமின் டி குறைந்திருந்தது. தோலில் அது உருவாவதற்கு வேண்டிய புறஊதாக் கதிர் நண்பகலை ஒட்டிய வேளையிலேயே மிகுதி. இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள காலணி ஆலைகளில் மேற்பகுதி தைக்கும் பெண்கள் அவ்வேளையில் கூரையின்கீழ்ப் பொறிமுன் அமர்ந்திருக்கின்றனர். எலும்புக்கு உரமூட்டும் நடையும் சுமையும் அவ்வேலையில் குறைவு. உழைப்பாளர் ஆதலால் எலும்பு வலிமையாகவே இருக்கும் என்ற பொதுக்கருத்து இவர்களுக்குப் பொருந்தாது. புகையிலைப் பழக்கமும், இளைப்பு, மூட்டுவலி ஆகியவற்றுக்காக மாதக்கணக்கில் உட்கொள்ளப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இடரை மேலும் கூட்டுவன.

அடர்த்திமானி எல்லா ஊர்களிலும் கிட்டுவதில்லை. ஆனால் இளமையில் இருந்த உயரத்தினின்று 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருப்பது முதுகெலும்பு முறிவைச் சுட்டக்கூடும். பணியிற் சேரும் நாளில் ஆலை மருத்துவப் பதிவேட்டில் உயரத்தைக் குறித்துவைத்தால், பிற்காலத்தில் ஒப்பிட ஓர் அளவுகோலே போதும்.