அஞ்சும் நாயும் அதைப் பழக்கும் முறையும்

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள கொங்கு நாட்டுத் தோட்டங்களில் நாய் இல்லாத சாளை (தோட்டத்து வீடு) அபூர்வம். கட்டுத்தரைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் இரவெல்லாம் காவலிருந்து, வேலியோரம் அயலார் காலடி கேட்ட மாத்திரத்தில் குரல் கொடுப்பதற்கென்றே வளர்க்கப்படுகிற அந்தப் பிராணி, தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அஞ்சி வண்டிக்கடியில் புகுந்துகொண்டு, வெளியே இழுக்க வந்த கையையே கடிக்கப் பாய்ந்தால், "இது உதவாத நாய்" என்று தீர்ப்புச் சொல்லி விரட்டிவிடுகிறவர்கள் உண்டு. இது பெரிய அநியாயம். அச்சம் என்பது நாய் வேண்டுமென்று செய்யும் பிடிவாதமன்று. இதயத் துடிப்பு மிகுந்து, தசைகள் இறுகி, பசியும் மறைந்துபோகும்படி அதன் உடம்பு முழுவதையும் ஆட்கொள்ளுகிற ஒரு நிலை.

அந்த நிலையை முகத்திலும் வாலிலும் படித்துவிடலாம். தின்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் உதட்டை நக்குவதும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவதும், தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பதும், வாலை வயிற்றோடு ஒட்டி இடுக்கிக்கொள்வதும் நாய் சொல்லும் விண்ணப்பங்கள். இவற்றை யாரும் மதிக்காத பிறகுதான் அது உறுமுகிறது. அதையும் மதிக்காவிட்டால் கடிக்கிறது.

பயந்த சுபாவத்துக்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே அமைந்துவிடுவது ஒன்று; இளமையில் பழக்கம் இல்லாமற்போவது மற்றொன்று. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் என்று, அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரில் நெடுங்காலம் நாய்களை ஆராய்ந்த ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிஞர்கள் காட்டினார்கள். அங்கே 14 வாரம் வரை மனிதரோடு பழக விடாமல் வளர்த்த குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டால் ஒதுங்கி ஓடின என்பது 1961இல் வெளிவந்த ஆராய்ச்சி. மூலையில் கட்டிப்போட்டே வளர்த்த குட்டி பெரியதானபின் விருந்தாளியைக் கண்டு நடுங்குவதில் வியப்பென்ன?

வேறு சில நாய்களுக்கு ஒரே ஒரு நாளின் பயங்கரம் போதும். 1924 செப்டம்பரில் லெனின்கிராடு நகரத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் ஆராய்ச்சிச்சாலைக் கூண்டுகளில் இருந்த நாய்களைக் கழுத்தளவு நீரிலிருந்து சிரமப்பட்டு மீட்டார்கள். அவற்றுள் சில, வெகுநாள் கற்றிருந்த பழக்கங்களையெல்லாம் இழந்து நின்றன. ஒரு நாய் மெல்ல மெல்லத் தேறிய பிறகும், கதவுக்கடியில் சிறிது நீரைக் கசியவிட்டதும் பழைய கலக்கம் முழுவதும் அதற்குத் திரும்பி வந்துவிட்டதாம்.

அச்சம் பிறப்பதற்குச் சான்று கிடைத்த அதே 1924இல், அது தீர்வதற்கும் சான்று வெளியாயிற்று என்பது மகிழ்ச்சியளிக்கும் செய்தி. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவன் விருப்பமாகச் சாப்பிடும் வேளையில், கூண்டிலிட்ட முயலை முதலில் தொலைவில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து, கடைசியில் அவனே அதைத் தடவிக்கொடுக்கும்படி செய்தார் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. இன்று அஞ்சும் நாயைப் பழக்குகிறவர்கள் கையாளும் முறையின் சாரம் இதுவே.

பீளமேட்டில் ஒரு வீட்டார் எடுத்து வளர்த்த செவலைத் தெருநாய்க்கு விளக்குமாற்றைக் கண்டால் உயிர் போகும். அவ்வீட்டு ஆத்தா, பேரனை வாசலின் கோடியில் நிற்கவைத்து, அவன் விளக்குமாற்றை எடுத்ததும் செவலைக்கு ஒரு துண்டு வேகவைத்த ஈரலைப் போடுவார். அவன் கீழே வைத்ததும் ஈரலும் நின்றுவிடும். விளக்குமாறு முன்னும் ஈரல் பின்னுமாக வரவேண்டும் என்ற இந்த வரிசைதான் முக்கியம். முறை மாறினால், ஈரலைக் கண்டாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் பதறத் தொடங்கிவிடும். சில நாட்களில் செவலை விளக்குமாற்றைப் பார்த்தவுடன் ஆத்தாவின் கையை நிமிர்ந்து பார்த்தது. அதுவே மனம் மாறத் தொடங்கியதன் அடையாளம். அதன் பிறகே பேரனுக்கு ஓர் அடி முன்வர உத்தரவு கிடைத்தது. ஒரு நாள் அவன் அவசரப்பட்டு நெருங்க, நாய் ஈரலை முகராமலே விலகிற்று. "நீ அதுகிட்டப் போகாதே கண்ணு, அதுவே வரட்டும்" என்று சொல்லி அவனைப் பழைய இடத்துக்கே அனுப்பினார் ஆத்தா. தீனியை மறுப்பது, தூரம் போதவில்லை என்று நாய் தரும் தெளிவான அறிவிப்பு.

மனிதரைக் கண்டு அஞ்சும் நாயைத் தீனி காட்டித் தம்மிடம் இழுப்பதும் தவறு. ஆசையால் அருகே வந்துவிட்டு, தின்று முடித்தவுடன் தான் நிற்கும் இடத்தை உணர்ந்து அது திகைக்கும்; அந்தத் திகைப்பில் கடித்தும் விடலாம். துண்டை அதன் முதுகுக்குப் பின்னால் வீசினால், தீனியும் கிடைக்கிறது, விலகிச் செல்லும் நிம்மதியும் கிடைக்கிறது. தைரியம் வந்தபோது தானாகவே திரும்பி வரும்.

அடித்துத் திருத்தலாம் என்பாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமலைத்தான் விடுகிறது, பயத்தை விடுவதில்லை. பிறகு எச்சரிக்கையின்றிக் கடிக்கும். பிராணிகளை அடித்து வதைப்பது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். நடுங்கும் நாயை அணைத்து ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்ற எண்ணமும் ஆதாரமற்றது. அருகே வந்து ஒண்டுகிற நாயைத் தாராளமாகத் தடவிக்கொடுக்கலாம். நன்றாக இருந்த நாய் திடீரென்று அஞ்சத் தொடங்கினால், உடம்பில் எங்கேனும் வலி உண்டா என்று மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும்.

தீபாவளிக்கு என்ன செய்வது? நம் மாநிலத்தில் 2018 முதல் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமுமே வெடிக்க அனுமதி என்றாலும், அந்த அளவோடு ஊர் நிற்பதில்லை. நமக்குக் கேட்காத கூரிய ஒலிகளும் நாயின் செவியில் விழுகின்றன. அன்று அதைச் சங்கிலியில் கட்டாமல் உள்ளறை ஒன்றில் விட்டு, சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் புகுந்தால் அங்கேயே இருக்க விடவேண்டும். வெளியே கொண்டுபோவதெல்லாம் வெளிச்சத்தில், வெடி தொடங்குமுன் முடிந்துவிடட்டும். வெடியின் ஒலிப்பதிவை மிக மெல்லிய சத்தத்தில் கேட்கவைத்து, உடனே தீனி கொடுத்துப் பழக்குவதைப் பல மாதங்களுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். மிகவும் நடுங்கும் நாய்களுக்கு மருந்தும் உண்டாகையால், கால்நடை மருத்துவரைச் சில வாரம் முன்னதாகவே கலந்தாலோசிப்பது நல்லது.